பெங்களூருக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி: வாட்ச், கேமரா வாங்க அக்காவின் டிப்ஸ்

போனஸ் கைக்கு வந்ததும் ஓசூர்ல பாதிப் பேர் அத்திப்பள்ளியைத் தாண்டிடுறீங்க. "பெங்களூர்ல விலை கம்மி"ன்னு ஒரு நம்பிக்கை. ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சு வாங்கின கேமரா ஆறாம் மாசம் மக்கர் பண்ணினா, அதைத் தூக்கிக்கிட்டு சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கப்போறதும் நீங்கதான். அன்னிக்குச் சம்பளமும் போச்சு. அதனால தம்பி, தங்கச்சிகளா, எங்கே வாங்கலாம்ங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். கெட்டுப்போனா எங்கே கொடுக்கிறதுன்னு முதல்ல விசாரிங்க.

1. கம்பெனி வெப்சைட்ல சர்வீஸ் சென்டர் நம்பர் இருக்கும். போன் பண்ணி, "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்குமா?"ன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சரியா பதில் வரலைன்னா அந்த மாடலை விட்டுடுங்க.

2. "பில் வேணாம்னா ஆயிரம் குறைச்சுக்கிறேன்"னு சொல்ற கடையில நிக்காதீங்க. பில் இல்லாட்டி வாரன்ட்டியும் இல்லை. பில்லுல 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கும். கர்நாடகக் கடைன்னா 29ல ஆரம்பிக்கும், நம்ம ஊர்க் கடைன்னா 33. பெங்களூர்க் கடையில வேற மாநில நம்பர் போட்ட பில்லைக் கொடுத்தா ஏன்னு கேளுங்க. கேமராவோட சீரியல் நம்பர் பில், பெட்டி, கேமரா மூணுலயும் ஒண்ணா இருக்கணும்.

3. பெட்டியை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதி செஞ்சவங்க பேர், விலாசம், எம்ஆர்பி எல்லாம் பெட்டி மேல அச்சடிச்சிருக்கணும். அது இல்லைன்னா குறுக்கு வழியில வந்த சரக்கு, இந்திய வாரன்ட்டி கிடைக்காது. கேமரான்னா சார்ஜர், பேட்டரி, கழுத்துப்பட்டை எல்லாம் பெரும்பாலும் உள்ளேயே வரும். அதை எடுத்து வெச்சுக்கிட்டுத் தனியா விலை சொல்ற கடைகளும் இருக்கு.

4. 1984ல டாடா குழுமமும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டைட்டன், வாட்ச் ஆலையை நம்ம ஓசூர்லதான் வெச்சாங்க. அந்தப் பேரை வெச்சுக்கிட்டு, "ஃபேக்டரி பீஸ், பாதி விலை"ன்னு யாராவது பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டினா நகர்ந்து போயிடுங்க. ஒண்ணு போலி, இல்லைன்னா திருட்டு. ரெண்டுமே உங்க கையில இருக்கக் கூடாது.

5. வாட்ச்ல 30 மீட்டர்னு போட்டிருந்தா அதைக் கட்டிக்கிட்டு கிணத்துல குதிக்காதீங்க! அது கை கழுவுற தண்ணி, லேசான தூறலுக்குத்தான். நீச்சலுக்கு 100 மீட்டர் போட்டதா வாங்குங்க. பேட்டரி மாத்தும்போது பின்மூடியில இருக்கிற ரப்பர் வளையம் சரியா உட்காரலைன்னா எந்த மீட்டரும் காப்பாத்தாது.

6. ஷிஃப்ட்டுக்குப் போறவங்களுக்கு குவார்ட்ஸ் வாட்சே போதும். மாசத்துக்குப் பதினஞ்சு, இருபது வினாடிதான் முன்னே பின்னே போகும். ஆட்டோமேட்டிக், சாவி கொடுக்கிற வாட்ச் எல்லாம் ஒரு நாள்லயே அவ்வளவு தள்ளிப்போகலாம். அது கோளாறு இல்லை, இயல்பு. காந்தம் இருக்கிற இடத்துல அதைக் கட்டிக்கிட்டுப் போனா தாறுமாறா ஓடும். எந்த வாட்சா இருந்தாலும் லேத், மின்சார பேனல் பக்கம் போறப்போ கழட்டி வெச்சுடுங்க. வாட்ச் போனா வாங்கிக்கலாம், கை போனா வருமா?

7. அப்பா கட்டின எச்எம்டி மேல ஆசைப்படுறது தப்பே இல்லை. ஆனா எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016லயே மத்திய அரசு முடிவு பண்ணிடுச்சு. ஆன்லைன்ல பளபளன்னு கலர் டயலோட வர்ற பல "புது" எச்எம்டி, பழைய பாகங்களைச் சேர்த்துப் பெயின்ட் அடிச்சது. வீட்டுல பழசு கிடந்தா நல்ல கடைக்காரர்கிட்ட கொடுத்து ஓட வையுங்க. செலவும் கம்மி, அப்பாவோடதும் ஆச்சு.

8. பழைய கேமராவுலதான் நிறைய பேர் ஏமாறுறீங்க. கல்யாண சீசன் முடிஞ்சதும் ஸ்டூடியோக்காரங்க விற்பாங்க. வெளியே புதுசாட்டம் துடைச்சிருக்கும், உள்ளே எத்தனை கல்யாணம் ஓடிச்சோ! ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குங்கிற கணக்கைக் கேளுங்க. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் லட்சத்தை நெருங்கியிருந்தா வேண்டாம். லென்ஸை டார்ச் வெளிச்சத்துல பாருங்க. உள்ளே சிலந்திவலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, அது மெள்ளப் பரவும். அப்பர்ச்சரை எஃப் 16ல வெச்சு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தா சென்சார் தூசி புள்ளி புள்ளியாத் தெரியும். உங்க மெமரி கார்டையே எடுத்துட்டுப் போய், அந்தப் படங்களை வீட்டுல பெரிசு பண்ணிப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. "இன்னிக்கே வேணும், வேற ஆள் காத்திருக்கார்"னு அவசரப்படுத்தினா, அந்த வேற ஆளே வாங்கிக்கட்டும்.

கத்துக்க பழைய டிஎஸ்எல்ஆர் தாராளமா போதும். தொழிலுக்குன்னா யோசிங்க. கம்பெனிகள் இப்போ மிரர்லெஸ் பக்கம் போயிட்டாங்க.

9. வட்டியில்லா இஎம்ஐன்னா பிராசசிங் கட்டணத்தையும், மொத்தப் பணம் கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

இவ்வளவு பார்த்தும் கடைக்காரர் கைவிரிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி, பெங்களூர்ல வாங்கின பொருளுக்கும் நீங்க குடியிருக்கிற மாவட்ட ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. அதுக்குள்ள பில்லுல இருக்கிற எழுத்து வெளுத்துப்போயிடும், வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வீட்டுல இருக்கிற இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பிடுங்க.