எல்டிஏ-வுக்காக டூர் போகலாமா?

உங்க சம்பள ஸ்லிப்ல எல்டிஏ-ன்னு ஒரு வரி இருக்கா? லீவ்ல ஊர் போக கம்பெனி தர்ற அலவன்ஸ் அது. நீங்க புது வரி முறையில இருந்தா இதுக்கு விலக்கு கிடையாது, முழுசா வரி உண்டு. இனி சொல்றதெல்லாம் பழைய முறையில இருக்கிறவங்களுக்கு.

பயணம் இந்தியாவுக்குள்ள இருக்கணும். டிக்கெட் காசுக்கு மட்டும்தான் விலக்கு. ஹோட்டல், சாப்பாடு, ஊர் சுத்துற கார் எதுவும் சேராது. நாலு வருஷத்துல ரெண்டு பயணம். 2022–2025-ல ஒண்ணு மிச்சம் இருந்தா, 2026-ல போய்க்கலாம். முக்கியமா, நிஜமாவே லீவ் போட்டிருக்கணும். மூணாறுல உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்த்தா அது லீவ் இல்லைங்க!

சரி, எவ்வளவு மிச்சமாகும்? உங்களை நம்பி இருக்கிற அப்பா, அம்மாவோட டெல்லி போறீங்க. ரயில் டிக்கெட் ரூ.12,000, மொத்தச் செலவு ரூ.45,000-ன்னு வெச்சுக்குவோம். 20 சதவீத ஸ்லாப்ல, செஸ்ஸையும் சேர்த்து மிச்சம் ரூ.2,496. இதுக்காக டூர் பிளான் பண்ணாதீங்க. எப்படியும் போறீங்கன்னா டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வைங்க.

"டிராவல்ஸ்ல ஒரு பில் வாங்கிக் கொடுத்துடு மச்சி"ன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. மாட்டினா வரியோட, அதுல 200 சதவீதம் அபராதமும் வரும். நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், மச்சி பேருக்கு இல்ல. பில் கொடுக்கலேன்னாலும் பெரும்பாலான கம்பெனிகள்ல வரி பிடிச்சுட்டு மீதியைத் தந்துடுவாங்க. அதை வாங்கிக்கிட்டு வீட்லயே ரெண்டு நாள் தூங்கினாலும் தப்பில்ல.