சாமி படத்தில் என்ன ஆராய்ச்சி?

கேள்வி: காலண்டர் சாமி படங்களை வைத்தெல்லாம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறார்களாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து உங்கள் ஊரிலேயே தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டையராஜுவின் லட்சுமியும் முருகனும்தானே சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டுப் பூஜையறைகளுக்குப் போனார்கள்! கனடாவின் மானிடவியலாளர் ஸ்டீஃபன் இங்லிஸ் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஓவியம் மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் படங்கள் முழுசாகப் பிடிபடாது. வரைந்தவர் ஒருவர், அச்சடித்தவர் இன்னொருவர், அடியில் தன் கடைப் பெயரைப் போட்டு இனாமாகக் கொடுத்தவர் ஜவுளிக்கடை முதலாளி, அதற்குக் கற்பூரம் காட்டியவர் நம் பாட்டி. வியாபாரம், அச்சுத்தொழில், பக்தி என்று எல்லாவற்றிலும் கால் வைத்தாக வேண்டும். ஆய்வாளர் கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட நூல் இந்தச் சங்கிலியைத்தான் பின்தொடர்கிறது. வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமியோ பாரத மாதா படங்களை எடுத்துக்கொண்டு, சர்வேக்காரர்கள் அளந்து போட்ட தேசப்படத்துக்குள் ஒரு தெய்வம் எப்படி வந்து நின்றாள் என்று கேட்டார் (2010). எனக்கு இதுதான் கூடுதல் சுவாரசியம்.

உங்கள் பரணில் கொண்டையராஜு கையெழுத்துள்ள படம் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.