மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி

மரக்காணம்,
மார்கழி 12.

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

நேற்று சாயங்காலம் உன் அப்பா வீட்டுக்கு வந்திருந்தான். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் நீயும் மாப்பிள்ளையும் பேரனைக் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து காரிலேயே பிரான்சு மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறீர்கள் என்றான். ஊர் பெயர் வால் தோரான்ஸ் என்றதும் எனக்கு வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. அவனுக்கு நீங்கள் விமானத்தில் போக வேண்டும். "நீங்க சொன்னா கேட்பா அண்ணே" என்றான். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. காரில் போனால்தான் ஒரு தேசம் கண்ணுக்கு முன்னால் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். போய் வா. ஆனால் அந்த மலை ரோட்டில் நான் ஒருதரம் பட்டிருக்கிறேன், அதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விசா. நீ இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறாய். இங்கிலாந்தில் நர்ஸ் வேலையும் தங்கும் உரிமையும் இருந்தாலும் பிரான்சுக்குள் போக ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பயணத்துக்கு 15 நாளுக்கு முன்னால் மனுப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். நேரம் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு, இந்த வாரமே பார். பிரெஞ்சு போலீஸ் உட்கார்ந்திருப்பது கடலுக்கு அந்தக் கரையில் இல்லை, டோவர் துறைமுகத்திலேயே. அங்கே நிறுத்தினால் கப்பலே ஏற முடியாது.

கடல் ஒரு பெரிய விஷயமில்லை. டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் நடுவே குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர், நம் வீட்டு வாசலிலிருந்து புதுச்சேரி போகிற தூரம்தான். கப்பலில் கலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். சுரங்க ரயிலில் காரை ஏற்றினால் 35 நிமிடம். மாப்பிள்ளை சுரங்கம்தான் என்பார், வேகம் பார்க்கிறவர். நீ கப்பலைக் கேள். ரயிலில் காருக்குள்ளேயோ அதன் பக்கத்திலேயோதான் இருக்க வேண்டும். கப்பலில் காரைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு மேலே வந்தே ஆக வேண்டும், கடல் நடுவில் கீழே போக விடமாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் ஓட்டுகிறவனுக்கு யாராலும் பிடுங்க முடியாத ஓய்வு. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, கியரில் போட்டுவிட்டு, பையனுடைய சட்டை, மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் கையோடு மேலே எடுத்துக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் அந்தக் கடல் எழும்பும். பையனை உள்ளே சூட்டில் படுக்க வைக்காமல், கரை தெரிகிற ஜன்னல் பக்கம் உட்கார வைத்து தூரத்தைப் பார்க்கச் சொல். எக்கியார்குப்பத்து மீனவர்கள் புதுசாகக் கடலுக்கு வருகிற பையன்களுக்குச் சொல்வதும் அதுதான்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. தயிர் சாதம் கட்டாதே. பிரிட்டனிலிருந்து போகிறவர்கள் பாலில் செய்ததும் கறியும் கொண்டுபோக 2021-லிருந்து தடை. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். புளியோதரை கட்டு, எள்ளுப் பொடி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. இரண்டு நாள் தாங்கும்.

கலேயில் இறங்கியதும் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நீ பயப்படுவாய், அதனால் முதல் ஒரு மணி நேரம் தப்பே பண்ணமாட்டாய். தப்பு நடப்பது பிறகு. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, டீ குடித்து, காலியாகக் கிடக்கிற ரோட்டில் மறுபடி வண்டியை எடுக்கிறோமே, அந்த நேரத்தில் கை பழைய பக்கமே திரும்பும். ஒவ்வொரு தரம் வண்டியை எடுக்கும்போதும் பக்கத்தில் இருக்கிறவர் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நானும் உன் பெரியம்மாவும் அப்படித்தான் செய்தோம். உங்கள் கார் லைட் இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும், எதிரே வருகிறவன் கண்ணைக் கூசும், அதற்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்கிக்கொள். முக்கோணப் பலகையும் பளபளக்கிற சட்டையும் அங்கே கட்டாயம். சட்டை டிக்கியில் கிடந்தால் உதவாது, இறங்கும் முன்னால் போட்டுக்கொள்ளக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சுங்கச்சாவடிக்கு நம் ஊர் ஃபாஸ்டேக் மாதிரி ஒரு வில்லை உண்டு, முன்கூட்டியே தருவித்தால் இடப்பக்கம் எட்டிப் பணம் நீட்டுகிற பாடு இருக்காது.

கலேயிலிருந்து ரான்ஸ், துருவா, திஜோன், ஷாம்பேரி, அல்பேர்வில், அப்புறம் மலையடிவாரத்தில் மூத்தியே என்கிற சின்ன ஊர். 900 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி மதுரை வரை வந்தால் எவ்வளவோ அவ்வளவு. ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். 130 வரை போகலாம், மழை பெய்தால் 110. இவ்வளவு நல்ல ரோடுதான் ஆளை ஏமாற்றும். 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் 37 கிலோமீட்டர்தானே' என்று தோன்றும். அந்த 37 கிலோமீட்டருக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் கண்ணு. மூத்தியே கடல் மட்டத்துக்கு 500 மீட்டர்கூட இல்லை. வால் தோரான்ஸ் 2300 மீட்டர், நம் ஊட்டிக்கு மேலே.

1998 பிப்ரவரி. நான் லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பகல் டியூட்டியை முடித்துவிட்டு அன்று ராத்திரியே கப்பல் ஏறினேன். மறுநாள் முழுக்க நான் ஒருத்தன்தான் ஓட்டினேன். மூத்தியே வந்தபோது இருட்டிப் பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. அங்கேயே ஒரு அறை எடுத்துப் படுத்திருக்கலாம், உன் பெரியம்மா கேட்டாள். மேலே கட்டிய வாடகைப் பணம் வீணாகும் என்று சொல்லி ஏறினேன். கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் வழுக்கியது. ஓரம் கட்டிச் சங்கிலி மாட்ட இறங்கினேன். அதற்கு முன்னால் ஒரு தரம்கூட மாட்டிப் பழகவில்லை. கையுறை இல்லை. கொக்கி விரலில் படுகிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் விரல் மரத்துவிட்டது. முக்கால் மணி நேரம் போராடி மாட்டினேன், பின் சக்கரத்தில்.

நான் வண்டி பழகியது மரக்காணத்து உப்பு லாரியில். இழுக்கிற சக்கரம் பின்னால் என்பது உடம்பில் ஊறியது. அந்தக் காருக்கு இழுப்பு முன் சக்கரத்தில். நான்காவது வளைவில் முன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பின்னால் வழுக்கியது. பிரேக்கை மிதித்தபடியேதான் இருந்தேன், ஒரு பலனும் இல்லை. உன் அக்கா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் ஒதுக்கிய பனிக்குவியலில் போய் முட்டி நின்றது. பள்ளம் அடுத்த பக்கம்.

பனி தள்ளுகிற லாரிக்காரர் ஒருவர் மேலேயிருந்து வந்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது. டார்ச்சை முன் சக்கரத்தில் அடித்துக் காட்டினார், அவ்வளவுதான். சங்கிலியைக் கழற்றி முன்னால் மாட்டிவிட்டு, ரோட்டில் உப்பு தூவிக்கொண்டே போய்விட்டார். கீழே கிடந்ததில் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தேன். பழுப்பு நிறத்தில் பாறை உப்பு, நம் பாத்தி உப்புக்குள்ள வெள்ளை இல்லை. அந்தக் குளிரில் எனக்கு அழுகை வந்தது மகளே.

உப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்பதால் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் உறைய, நல்ல தண்ணீரைவிட அதிகக் குளிர் வேண்டும். அதனால் ஐஸ் மேல் உப்புப் போட்டால் உருகுகிறது. ஆனால் குளிர் மைனஸ் பத்தை நெருங்கும்போதே உப்பு தளர்ந்துவிடும். பகலில் உருகி ஓடுகிற ரோடு ராத்திரியில் மறுபடி கட்டியாகும், அதுவும் ஈரத் தார் மாதிரியே கறுப்பாகத் தெரியும். உப்புப் போட்ட ரோடு என்று நம்பி இருட்டில் ஏறாதே.

ஆகவே இப்படிச் செய். வெள்ளிக்கிழமை விடியற்காலைக் கப்பல் பிடி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நீயும் மாப்பிள்ளையும் மாற்றி ஓட்டுங்கள். ராத்திரி ஷாம்பேரியிலோ அல்பேர்விலிலோ தங்குங்கள். சனிக்கிழமைதான் அங்கே வாடகை வீடெல்லாம் கை மாறுகிற நாள், பள்ளி விடுமுறையில் அந்தப் பள்ளத்தாக்கு ரோடு மூச்சு முட்டும். 'பிசோன் ஃபுத்தே' என்று அரசாங்கமே நாளுக்கு ஒரு நிறம் கொடுத்து நெரிசலை முன்கூட்டிச் சொல்கிறது. அதில் கறுப்பு என்று போட்டிருந்தால், கூட்டம் கிளம்பும் முன்னால் நீங்கள் ஏறிவிட வேண்டும். அறை சாயங்காலம்தான் கிடைக்குமே என்று மாப்பிள்ளை சொல்வார். கிடைக்கட்டும், மேலே வெயிலில் உட்கார்ந்து காத்திருங்கள். ஒரு ராத்திரி வாடகை கூடுதல்தான், அதை நான் தருகிறேன்.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலை மாவட்டங்களில் பனி டயரோ, சங்கிலியோ, துணி உறையோ இல்லாமல் போகக் கூடாது என்று 2021-லிருந்து சட்டம். டயரில் மூன்று முகட்டு மலைக்குள் ஒரு பனிப்பூ பொறித்திருக்க வேண்டும், வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்து 2024 நவம்பரிலிருந்து செல்லாது. பனி டயர் போட்டாலும் சங்கிலி வண்டியில் இருக்கட்டும். வீட்டு வாசலில் இரண்டு தரம் மாட்டிக் கழற்றிப் பழகு. ஒருதரமாவது இருட்டில், கையுறையோடு. உன் காருக்கு எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதை இந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி வை.

இறக்கத்தில் இரண்டாவது கியர், இன்ஜின் பிடிக்கட்டும். குறுகலான இடத்தில் ஏறி வருகிறவனுக்கு வழி விடு, அங்கேயும் அதுதான் முறை. உங்களுடையது டீசல் வண்டி. லண்டன் டீசல் கடுங்குளிரில் கெட்டிப்படலாம், அதனால் தொட்டியைப் பாதிக்குக் காலி பண்ணிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் நிரப்பு, அங்கே குளிருக்கென்று தயாரித்தது கிடைக்கும். மேலே காரை அவர்கள் சொல்கிற நிறுத்தத்தில்தான் விட வேண்டும், அதற்கு இடம் இப்போதே பதிவு செய். வெட்டவெளியில் விட்டால் கியரில் போட்டு நிறுத்து. ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, இது உன் பாட்டி ஞாபகம். இருபத்தைந்து வருஷம் உப்பு வாரினாள். வெள்ளைப் பாத்தியிலிருந்து மேலே எகிறுகிற வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, ஐம்பது வயதுக்குள் பார்வை மங்கி, பேத்தி உன்னைத் தொட்டுத்தான் பார்த்தாள். பனியிலும் வெயில் அப்படியே எகிறும், மேகம் மூடியிருந்தாலும். பையனுக்கு நல்ல கண்ணாடி வாங்கு, விளையாட்டுச் சாமானில் அதை மட்டும் விலை பார்க்காதே.

திரும்பி வந்த அன்றே வண்டிக்கு அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல். இங்கே உப்பு லாரிகளின் சேஸ் எப்படி இற்றுப் போகிறதென்று உன் அப்பாவைக் கேள்.

இங்கே பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கிறது, வேலை இல்லாமல் ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள். நீங்கள் மலை ஏறும்போது தண்ணீர் வடித்து, மண் மிதித்து, வேலை தொடங்கியிருக்கும். சனிக்கிழமை மூத்தியே வந்ததும் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு போன் போடு. அங்கே எட்டு மணி என்றால் எனக்குப் பகல் பன்னிரண்டரை. சாப்பிட்டுவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பேன். மேலே போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தரம் போடு.

உன் பெரியப்பா