கவுண்ட் எவ்வளவு சார்?

கொழிஞ்சாம்பாறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். மழை தொடங்கினால் ஒரே கேள்வி: “கவுண்ட் எவ்வளவு சார்?” பிளேட்லெட் எழுபதாயிரம் என்று சொல்லி முடிப்பதற்குள் கூட வந்தவர் இலைச்சாறுக்குப் பப்பாளி மரம் தேடிப் போய்விடுகிறார். பூப்பாறை ஏலத்தோட்டத்தில் இருக்கும் மச்சான் வீட்டிலும் இதே பேச்சு.

பிளேட்லெட் குறைந்துதான் டெங்குவில் உயிர் போகிறது என்று யார் சொன்னது? பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது நீர்க்கசிவு. ரத்தக்குழாயின் உட்புறம் ஒற்றை வரிசைச் செல்கள், தளத்து ஓடு மாதிரி நெருக்கிப் பதிந்திருக்கும். செல்லுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் பந்தல் கால்களாக நின்று அதன் வடிவைத் தாங்குகின்றன. வைரசைக் கண்டு மிரண்ட வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை அள்ளி விடுகின்றன. அதில் டி.என்.எஃப்.-ஆல்பா வந்து ஒட்டியதும் அந்த இழைகள் தடித்த கயிறாகத் திரள்கின்றன; தசையில் இருக்கும் மயோசினின் பங்காளி ஒன்று கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. செல் சுருங்குகிறது, பக்கத்துச் செல்லின் பிடி விடுகிறது, இடுக்கு வழியே பிளாஸ்மா வெளியேறுகிறது. வைரசின் என்.எஸ்.1 புரதமும் தன் பங்குக்குச் சுவரைக் கெடுக்கிறது. மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் விழும்.

இது தெரிவது அதே சீட்டில், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) என்ற வரியில். 38 இருந்தது 46 ஆனால் கசிவு என்று பொருள். அந்த வரியை இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை!

சிங்கப்பூர், மலேசியாவில் டெங்கு வந்த 372 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. கவுண்ட் இருபதாயிரத்துக்கோ அதற்குக் கீழேயோ போனவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியும் ரத்தப்போக்கு குறையவில்லை. பையில் வந்த பிளேட்லெட்டே செய்யாததை இலைச்சாறு செய்யுமா? காய்ச்சல் தணிந்த சில நாளில் கவுண்ட் தானாக ஏறும். பேர் மட்டும் பப்பாளிக்கு.

“காய்ச்சல் விட்டது, இனி பயமில்லை” என்பது சுத்த அபத்தம். சூடு இறங்கும்போதுதான் கசிவு தொடங்கும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? வைரஸ் நான்கு வகை. இரண்டாம் முறைதான் அதிகம் முற்றும். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

சாக்கடையைத் திட்டுவதையும் நிறுத்துங்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்காக வாசலில் நிறுத்தியிருக்கும் நீல டிரம்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கவிழ்த்து, நாரால் அழுத்தித் தேய்த்து, மூடி போட்டு வையுங்கள்.