விண்ணிலொரு கடிகாரம்

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரனின் கலங்கள், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டிற் கடாரம் சென்றன. அந்நாளைய மாலுமிகட்கு விண்மீன்கள் வழி காட்டின. இன்று அரியலூர்ச் சாலையிற் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்க்குக் கைப்பேசி வாயிலாக வழி காட்டுவன செயற்கைக்கோள்கள். மாணவர்களே, விண்மீனை எவரும் மறைத்தல் இயலாது. செயற்கைக்கோளுக்கோ உடையவர் உளர். அவர் போர்க்காலத்தில் மறுப்பின் நம் கலங்கள் யாது செய்யும்?

இதனை எண்ணியே நம் நாடு தனக்கென ஓர் அமைப்பை வகுத்தது. அதன் முதற்கோள் 2013 சூலை முதல் நாள் ஏவப்பெற்றது. அவ்வமைப்பிற்குப் பின்னர் இட்ட பெயர் 'நாவிக்'. வடமொழியில் நாவிகன் என்பான் மாலுமியே, பெயர் பொருத்தமுடைத்து.

கோள் அனுப்பும் வானொலி அலை நம்மை அடையும் நேரத்தைக் கொண்டே தொலைவு கணிக்கப்படுகின்றது. நான்கு கோள்களின் அலைகள் கிட்டின் நாம் நிற்கும் இடம் புலனாகும். அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவது. ஆதலின், கடிகாரம் நொடியிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும், தொலைவு 300 மீட்டர் பிழைபடும்! அதனாலன்றோ ஒவ்வொரு கோளிலும் அணுக்கடிகாரம் வைத்தனர்.

அக்கடிகாரங்களோ அயல்நாட்டில் வாங்கியவை. முதற்கோளின் மூன்று கடிகாரங்களும் பழுதுற்றன. கோள் வானில் இருந்தும் வழிகாட்ட உதவவில்லை. மாற்றாக 2017இல் ஏவிய கோளும் தன் வெப்பக்கவசத்தினின்று வெளிவராது வீணாயிற்று. பின்னர் நம் அறிஞர்கள் தாமே இயற்றிய ருபீடியம் அணுக்கடிகாரம், 2023 மே 29 அன்று சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஒரு கோளில் ஏறிச் சென்றது. அடுத்த கோள் 2025 சனவரியில் ஏவப்பெற்றும் குறித்த பாதையை எய்தவில்லை.