மதிப்பலகும் மூன்றாண்டும்

பள்ளியில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒருமுறையே வருகிறது. பதினோராம் வகுப்பில் சேரும் நாளில் தேர்ந்த பிரிவே ஈராண்டுக்கும் உரியது. எஞ்சியவற்றைப் பள்ளியே வகுத்துத் தந்துவிடும். கல்லூரி அத்தகையதன்று. கலை, அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பு ஆறு பருவங்களாக அமைகிறது. ஒவ்வொரு பருவத்தின் கணக்கையும் மாணவரே வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அக்கணக்கின் அடிப்படை மதிப்பலகு. மாணவர் வழக்கில் இது ‘கிரெடிட்’. வாரம் ஒரு மணி நேர விரிவுரை, ஒரு பருவம் முழுதும் நிகழ்ந்தால் ஒரு மதிப்பலகு. செய்முறையாயின் வாரம் இரண்டு மணி நேரம். படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஓய்வூதியமும் ஒரு காரணம் என்பது வியப்பளிக்கும். 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி நிறுவிய அறக்கட்டளை, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. அதனைப் பெற விரும்பிய கல்லூரிகள், மாணவர் சேர்க்கைக்குப் பாடவேளை அளவை ஏற்க வேண்டியிருந்தது.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளநிலைப் பட்டத்திற்கு 140 மதிப்பலகுகள் தேவை. பருவத்திற்குச் சராசரியாக 23 அல்லது 24. இவை ஐந்து பகுதிகளாகப் பிரிந்துள்ளன. தமிழ் முதலான மொழிப்பாடம் முதற்பகுதி, ஆங்கிலம் இரண்டாவது. முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் மூன்றாம் பகுதியில் அடங்கும். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்றவை நான்காவது. நாட்டு நலப்பணித் திட்டம் முதலிய விரிவாக்கப் பணிகள் ஐந்தாவது. ஒரு பகுதியில் மிகுந்ததைக் கொண்டு மற்றொன்றின் குறையை ஈடுசெய்ய இயலாது.

இடர் தோன்றும் இடம் இதுவே. முதன்மைப் பாடத்திற்கு இரவெல்லாம் விழித்துப் படிப்பவர், இரண்டு மதிப்பலகு கொண்ட சுற்றுச்சூழல் தாளை எளிதென எண்ணி விட்டுவிடுகிறார். மதிப்பலகில் சிறியதாயினும் அத்தாளின்றிப் பட்டம் இல்லை. சார்புப் பாடத்தின் தன்மை வேறு. இயற்பியல் மாணவர் ஒருவர் முதற்பருவக் கணிதத்தில் தவறினார் எனக் கொள்வோம். அடுத்த பருவக் கணிதம் முன்னதன்மேல் எழுவது. ஆகவே அப்பருவத்தின் தாள்களோடு பழைய தாளையும் எழுதுவதுடன், புரியாத ஒன்றின்மேல் புதியதைக் கற்கவும் நேர்கிறது. ஒரு ‘அரியர்’ இரண்டாவது இவ்வாறே.

இறுதிப் பருவத்தில் ஒரு தாள் மட்டும் நிலுவையில் இருப்போருக்குச் சில பல்கலைக்கழகங்கள் உடனடித் துணைத்தேர்வு நடத்துகின்றன. இரண்டு தாள்கள் நிலுவையெனில் பெரும்பாலும் அடுத்த பருவத் தேர்வே வழி. இடையில் முதுநிலைச் சேர்க்கை முடிந்துவிடும். பட்டத்தைத் தகுதியாகக் கோரும் அரசுப் பணித் தேர்வுகளும், அறிவிக்கை நாளில் தேர்ச்சி பெற்றிருத்தலையே பொதுவாக எதிர்பார்க்கின்றன. பல மாதங்களின் இழப்பு, இரண்டு தாள்களின் விலை!

சேர்ந்த முதல் வாரத்திலேயே துறையின் பாடத்திட்ட நூலைப் பெற்று, ஆறு பருவங்களுக்கும் கட்டமிட்டுத் தாள்களை எழுதிவைப்பது பயன்தரும். விருப்பப் பாடத்தைத் தோழர் தேர்ந்ததற்காகத் தேர்வதைவிட, பிற்காலப் படிப்புக்கு அது உதவுமா எனத் துறை ஆசிரியரிடம் கேட்டறிதல் நன்று. வருகைப்பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறையின் தேர்வெழுதும் உரிமையே ஐயத்திற்குள்ளாகும். தேர்வு முடிவு வெளிவரும்போதெல்லாம் கட்டத்தைத் திருத்திவரின், எஞ்சியவை கண்முன் நிற்கும். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதும் கருதத்தக்கது. பழைய பாடத்திட்டத்திற்குரிய தேர்வு குறிப்பிட்ட காலம் வரையே நடைபெறும். அதன்பின் நிலுவை வைத்தவர், தாம் வகுப்பில் கேட்டிராத இணைத்தாளை எழுத நேரிடும்.