கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்தால்?

கேள்வி: அண்மையில் படித்த மர்ம நாவல்களில் உங்களுக்குப் பிடித்தது எது? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகி, திருச்சி

பதில்: ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ (2005). கொலை தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. யார் செய்தது, ஏன் செய்தது எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அதை மறைக்கிறார்; அவருடைய பழைய கல்லூரித் தோழர், இயற்பியலாளர் யுகாவா, துருவுகிறார். எல்லாம் தெரியுமே என்ற மிதப்பில் படித்துக்கொண்டு போன நான், கடைசியில் வசமாக மாட்டிக்கொண்டேன். இஷிகாமி யாருக்காக இவ்வளவும் செய்கிறாரோ அந்த யாசுகோதான் கொஞ்சம் மங்கலாக நிற்கிறார்.

மகளுக்கு ஹாலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ (2019). போலீஸ் மூடிவிட்ட ஒரு வழக்கைப் பள்ளி ப்ராஜெக்டாக எடுத்துக் கிளறுகிறாள் பிப். பேட்டி, குறிப்பு என்று துண்டு துண்டாக நகர்வதால் அலுக்காது. ஒரு பள்ளி மாணவி கேட்டதும் ஊரே வாய் திறப்பதைத்தான் நம்ப முடியவில்லை! இந்தத் தொடரின் மூன்றாம் பாகம் மிக இருட்டு. நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ நாவலும் வாங்கலாம். அதில் அத்தியாயங்கள் 2, 3, 5, 7 என்று பகா எண்களாகவே போகும். பக்கம் குறைகிறதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.